செம்பில் களிம்பு ஏறாமல் காப்பது எப்படி?

ஒலிபெருக்கிக் கருவியை வீட்டிலேயே தம் கையால் அமைத்துக்கொள்ளும் இளைஞர்கள் நம் சிற்றூர்களிலும் உள்ளனர். புதிதில் இனிமையாக ஒலித்த கருவி, ஓரிரு மழைக்காலங்கள் சென்றபின் கரகரப்பதும் விட்டுவிட்டு ஒலிப்பதும் உண்டு. உறுப்புகள் பழுதாயின என்றெண்ணிப் பணம் செலவழித்துப் புதியன வாங்குமுன், செம்பு இணையும் இடங்களைப் பார்த்தல் நலம்.

வெள்ளிக்கு அடுத்தபடியாக மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் செம்பு. எனினும் காற்றிலுள்ள பிராணவாயுவால் அதன்மேல் செம்பழுப்புப் படலம் படியும். கந்தகம் கலந்த வாயு பட்டால் கறுக்கும். ஈரமும் கரியமில வாயுவும் நெடுநாள் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பூக்கும். கடலோரத்து உப்புக்காற்றும் விரல் வியர்வையும் இக்கேட்டை விரைவுபடுத்தும். ரப்பரில் கந்தகம் உண்டாதலால், செம்புக் கம்பிகளை ரப்பர் வளையத்தால் கட்டலாகாது.

கம்பியின் நிறம் மாறுவதனால் மட்டும் ஒலி கெட்டுவிடாது. இரு பரப்புகள் தொடும் இடத்தில் படலம் குறுக்கே நின்றால்தான் மின்னோட்டம் தடைப்படும். ஆகவே, பளபளப்பைக் காட்டிலும் இணைப்பைக் காப்பதே நமது நோக்கமாதல் வேண்டும்.

முதலாவது, துப்புரவு. உறுப்புகளைப் பொருத்துமுன் செம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். செப்புக்குடத்தைத் துலக்கும் புளியும் உப்பும் இங்கு ஆகா; இடுக்குகளில் தங்கும் புளிப்பும் உப்பும் மீண்டும் களிம்பை வளர்க்கும்.

இரண்டாவது, ஈயப்பூச்சு. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசும் முறையை நாம் அறிவோம். அதுபோலவே, துலக்கிய செம்பின்மேல் பற்றாசை மெல்லியதாகப் பரப்பினால் காற்று உட்புகாது. ஆனால் பாத்திரத்திற்கு இடும் நவச்சாரத்தை இங்கே இடலாகாது. அது எஞ்சி நின்று செம்பை அரிக்கும். ரோசின் என்னும் பைன் மரப் பிசினே ஏற்றது.

மூன்றாவது, மேற்பூச்சு. அகன்ற செப்புத் தகடுகளுக்கு, ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை மெல்லியதாக இருமுறை பூசி உலரவிடலாம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுமாதலால் அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது. அரக்கு மின்சாரத்தைக் கடத்தாது. எனவே திருகாணி பதியும் இடங்களிலும் செருகு முனைகளிலும் அதைப் பூசாது விடுக. திருகாணியை இறுக்கிய பின்னர், இணைப்பின் வெளிப்புறத்தில் சிறிது வாசலின் தடவினால் ஈரம் அணுகாது.

ஏற்கெனவே இயங்கிவரும் கருவியாயின், மின்தொடர்பை அகற்றிய பின்னரே திறத்தல் வேண்டும். பெரிய மின்தேக்கிகளில் அதன் பின்னும் மின்சாரம் தங்கியிருக்கும். அதனை முறைப்படி வெளியேற்ற அறிந்தவர் துணையின்றி உள்ளே கைவைத்தல் உயிருக்கே தீங்காகும்.

இவற்றுக்கு வேண்டுவன சிறிதளவு பற்றாசும் பிசினும் அரக்குமே. கருவியைப் பூட்டுமுன் இவ்வேலைக்கு ஒரு பொழுதை ஒதுக்குவோர், பின்னர் வீண்செலவைத் தவிர்த்துப் பல்லாண்டு பயன்பெறுவர்.