மூன்று படகுகள்

சுவீடனின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, தெயுசாயாவ்ரே என்றொரு ஏரி இருக்கிறது. அபிஸ்கோவிலிருந்து ஹெமாவன் வரை ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நீளும் குங்ஸ்லேடன் என்ற நடைபாதை இந்த ஏரிக்கரையில் வந்து முட்டி நிற்கிறது. பாலம் கிடையாது. எதிர்க்கரை ஒரு கிலோமீட்டர் தூரம். நடப்பவர்களுக்காக மூன்று துடுப்புப் படகுகள் விடப்பட்டிருக்கும். இரு கரையிலும் எப்போதும் ஒரு படகாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. நாம் வந்து சேரும் கரையில் இரண்டு கிடந்தால் அதிர்ஷ்டம், ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஒன்றுதான் கிடந்தால், அதில் எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, அதை இங்கே விட்டுவிட்டு மறுபடியும் துடுப்புப் போட வேண்டும். ஒரு கிலோமீட்டர் மூன்றாகிவிடும். பார்த்துக் கணக்கெடுக்க யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. நாளையோ மறுநாளோ மழையில் நனைந்து வந்து நிற்கப்போகும் முகமறியாத ஒருவருக்காகத்தான் இவ்வளவும்.

பிள்ளைகளோடு இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்களைப் பார்த்து ‘துணிச்சல்காரக் குடும்பம்’ என்கிறோம். துணிச்சலுக்கு இதில் பங்கு குறைவு. ஒரு குடும்பத்தை அங்கே நடக்கவைப்பது, முன்னே போனவர் பின்னே வருபவருக்கு வேலை செய்து வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு. 1885-இல் தொடங்கப்பட்ட சுவீடன் சுற்றுலாச் சங்கம் இந்தப் பாதையின் பெரும்பகுதியில் ஒரு நாள் நடைக்கு ஒன்றாக மலைக்குடில்களை நடத்துகிறது. பெரும்பாலானவற்றில் மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. சமையலறையில் இரண்டு வாளிகள் இருக்கும்: ஒன்று ஓடையிலிருந்து மொண்டுவரும் நல்ல தண்ணீருக்கு, மற்றது கழுநீருக்கு. மாற்றி ஊற்றினால் அன்று எல்லாருக்கும் தொல்லை. விறகைத் தங்குபவர்களே பிளக்க வேண்டும். கிளம்பும் காலையில் தரையைப் பெருக்கி, தண்ணீர் வாளியை நிரப்பி, அடுப்பருகே விறகை அடுக்கிவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இங்கே கிடைப்பது விளையாட்டு வேலை அல்ல. வீட்டில் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலைகள் பாதி ஒப்புக்குத்தான். அவர்கள் செய்யாவிட்டால் அம்மா செய்துவிடுவாள் என்று அவர்களுக்கே தெரியும். அங்கே தண்ணீர் வராவிட்டால் நூடுல்ஸ் வேகாது.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நாம் பயப்படும் இடத்தில் இல்லை. கரடி உண்டு, நடப்பவர்கள் கண்ணில் படுவது அபூர்வம். உண்மையான எதிரி ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர். ஜூலையிலும் வெப்பம் ஐந்து டிகிரிக்கு இறங்கலாம். 1,100 மீட்டருக்கு மேலுள்ள செக்யா கணவாயில் கோடையிலும் பனித்திட்டுகள் கிடக்கும். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு அதிகம், ஆகவே பெரியவரைவிடச் சீக்கிரம் சூடு இழக்கும். பாதையின் பெரும்பகுதியில் கைபேசிச் சிக்னலும் இல்லை. இதற்கான மருந்து வீரம் அல்ல. இரண்டு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு, மழை வலுத்தால் குடிலிலேயே சீட்டாடிக்கொண்டு கிடப்பதுதான். எட்டு நாளில் முடித்தே தீருவேன் என்று பயணச்சீட்டுப் போட்டுவிட்டு வரும் தகப்பன், கரடியைவிட ஆபத்தானவர்.

குடில், சதுப்பின்மேல் பலகைப் பாதை, சில குடில்களில் நீராவிக் குளியலறைகூட. இதையெல்லாம் வைத்துக்கொண்டு வனாந்தரம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அந்த நிலம் ஒருநாளும் ஆளில்லாத நிலமாக இருந்ததில்லை. அது சாமி மக்கள் ரெயின்டீர் மேய்க்கும் நிலம், இன்றும் மேய்க்கிறார்கள். வருகிறவர் கண்ணுக்குத்தான் அது காடு, அவர்களுக்குத் தொழிற்களம். மந்தை எதிர்ப்பட்டால் நின்று வழிவிட வேண்டும், நாயைக் கயிற்றில் கட்டி வைத்திருக்க வேண்டும். சுவீடனில் யாருடைய நிலத்திலும் நடக்கலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம் என்ற பொது உரிமை உண்டு. அதற்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தொந்தரவு செய்யாதே, பாழாக்காதே என்பது அந்த உரிமையின் மறுபக்கம். தேசியப் பூங்காக்களில் விதி இன்னும் இறுக்கம்: 1909-இல் அமைக்கப்பட்ட அபிஸ்கோ பூங்காவுக்குள் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே கூடாரம் போடலாம்.

படகு விதியை யாரும் மீறுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. மீறுகிறவர்களும் இருக்கலாம். துடுப்புப் போட விரும்பாதவர்களை, பருவ நாட்களில் காசு கொடுத்தால் ஏற்றிப்போக இயந்திரப் படகும் இருக்கிறது. செலவைப் பொறுத்தவரை, சுவீடன் மலிவான நாடு இல்லை. கூடாரம் சுமந்தால் தங்கும் செலவு வெகுவாகக் குறையும், முதுகு மட்டும் வலிக்கும். கொசு ஜூலையில் உயிரை வாங்கும். ஆகஸ்ட் பிற்பகுதியில் அது ஓய்ந்திருக்கும், ஆனால் நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க முடியாது. இரண்டில் எதை விடுவது என்று கேட்டால், சூரியனை விடலாம்.

பலரும் தேர்ந்தெடுப்பது அபிஸ்கோவில் ரயிலிறங்கி, சிங்கி குடில் வரை தெற்கே நடந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பி நிக்கலுவோக்டாவில் முடிக்கும் வழி. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுவீடனின் மிக உயர்ந்த மலையான கெப்னேகைசேயின் அடிவாரத்தைத் தொட்டுப் போகும். அழகில் குறையில்லாத வழிதான், ஆனால் அதில் கட்டாயம் கடக்க வேண்டிய ஏரி எதுவும் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் சிங்கியில் திரும்பாமல் இன்னும் 22 கிலோமீட்டர் தெற்கே போவது நல்லது. இரண்டாம் நாள் தெயுசாயாவ்ரேக்கு இறங்கும் சரிவு செங்குத்தானது, முழங்காலைச் சோதிக்கும். அதில் பாதி இறங்கும்போதே, கரையில் எத்தனை படகு கிடக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடலாம்.