பங்கீட்டிற்கு இசைந்த பேரெண்

எம் ஊராகிய வாலாஜாபாத்தைச் சூழ்ந்த பாலாற்றங்கரைக் களங்களில் முன்னாளில் நெல் அளந்தோர், பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம் எனக் கணக்கிட்டனர். பத்து மரக்காலை இருவர்க்கோ, ஐவர்க்கோ, பதின்மர்க்கோ குறையின்றிப் பகிரலாம்; மூவர் வந்து நிற்பின் மரக்காலை உடைத்தல் வேண்டும். பன்னிரண்டையோ இருவர், மூவர், நால்வர், அறுவர், பன்னிருவர் ஆகிய எவர்க்கும் சமமாய்ப் பகிரலாம்.

பன்னிரண்டை மீதமின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறாம். அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் வகுக்கும் எண்கள் ஆறு இல. இங்ஙனம் தன்னிற் சிறிய எல்லா எண்களையும் வகுஎண் தொகையில் விஞ்சி நிற்பதனை மிகுபகு எண் என்போம். இவ்வெண்களை விரிவாக ஆராய்ந்தவர், இளமையிற் சிலகாலம் எம் ஊருக்கு அண்மையிலுள்ள காஞ்சீபுரத்தில் வாழ்ந்த சீநிவாச இராமாநுஜனார். எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவர்க்கு, 1915ஆம் ஆண்டில் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்த இவ்வாராய்ச்சியின் பொருட்டே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கிற்று.

அவர் தந்த பட்டியலின் இறுதி எண் 67,46,32,83,88,800. இதனைப் பகா எண்களாகப் பிரிப்பின், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 என்பன இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறையும் பெருகி நிற்கக் காண்போம். ஒவ்வொரு முறைத் தொகையோடும் ஒன்று கூட்டிப் பெருக்க, 7×5×3×3×2×2×2×2×2 = 10,080 என வகுஎண்களின் தொகை கிடைக்கும்.

பகா எண் பெரிதாக ஆக, அது வரும் முறை எங்கும் மிகாமையையும் நோக்குக. இதன் காரணம் எளிது. 2×3×3 = 18; 2×2×3 = 12; இரண்டிற்கும் வகுஎண் ஆறே. சிறிய பகா எண்ணை மிகுதியாகக் கொண்டது சிறிய எண்ணாதலின், 18 தோற்றது, 12 வென்றது.

இனி ஒரு வியப்பு. 102 எண்கள் கொண்ட அப்பட்டியலில் 2,93,31,86,25,600 என்னும் மிகுபகு எண் ஒன்று விடுபட்டுள்ளது. இதன் வகுஎண்கள் 5,040. தமிழ் பயிலும் நாம் கணிதத்திற்கு அஞ்சுவோமாயினும், ஒரு மாலைப்பொழுதில் தாளும் எழுதுகோலும் கொண்டு அவ்வெண்ணை 23ஆற் பெருக்கிப் பார்த்தோம். வந்தது 67,46,32,83,88,800! விடுபட்ட எண், பட்டியலின் இறுதி எண்ணுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

இதனால் இராமாநுஜனார் பெருமை ஓர் இம்மியளவும் குன்றாது. ஆயின் பெரியோர் எழுதியது என்று வாளா ஏற்றுக்கொள்ளாது, நாமும் ஒருமுறை கூட்டியும் பெருக்கியும் பார்த்தலே கற்போர் கடன் என்பதனை அவ்வெண் நமக்கு உணர்த்துகின்றது. கல்விக் களத்திலும் பிறர் அளந்த நெல்லை நாம் மீண்டும் அளந்து காண்டல் நன்று.