உதைத்தால் கிளம்பும் ஜீப்... மிதித்தால் நிற்குமா?

பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்வது தெரியும். ஜீப்பை உதைத்து ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறீர்களா? 2021 டிசம்பரில் வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்த வீடியோ பலருக்கும் நினைவிருக்கும். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் இரும்புப் பட்டறை நடத்தும் ஒருவர், மகன் ஆசைப்பட்டான் என்பதற்காக, பழைய வண்டிகளில் கிடைத்த பாகங்களைச் சேர்த்துக் குட்டி ஜீப் ஒன்றைச் செய்திருந்தார். செலவு சுமார் 60,000 ரூபாய். கிக்கரை ஓர் உதை, அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிடும்.

வீடியோ ஆனந்த் மஹிந்திராவின் கண்ணிலும் பட்டது. அவர் பாராட்டினார், கூடவே ஓர் உண்மையையும் சொன்னார். இந்த வண்டி விதிகளுக்கு உட்பட்டதல்ல, அதிகாரிகள் என்றாவது ஒருநாள் நிறுத்திவிடுவார்கள். அதனால் இதற்குப் பதிலாக ஒரு பொலீரோ தருகிறேன், இது எங்கள் ஆராய்ச்சி மையத்தில் காட்சிக்கு இருக்கட்டும் என்றார். அந்த மையம் இருப்பது நம் செங்கல்பட்டுப் பக்கம், மஹிந்திரா சிட்டியில். 2022 ஜனவரியில் பொலீரோ அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது.

எல்லோரும் கைதட்டினோம். ஆனால், ஓடுகிற வண்டியை ஏன் ஓட்டக் கூடாது என்கிறார்கள்?

சென்னை புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றினால் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், கதவு, இருக்கை என ஒரு காருக்கு வேண்டிய எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும். நல்ல வெல்டர் ஒருவரும் இருந்தால் கார் தயார் என்றுதான் தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பாகங்கள் ஒன்றையொன்று மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். பைக் எஞ்சினுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. ஓடும்போது மேலே படும் காற்றிலேயே குளிரும்படி செய்யப்பட்ட எஞ்சினை பானட்டுக்குள் அடைத்தால் சூடேறித் திணறும். அடுத்து டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். அதற்கு வழிவிடுவதுதான் டிஃபரன்ஷியல். அது இல்லாமல் ஒரே கம்பியில் இரண்டு சக்கரத்தையும் மாட்டி, செயினால் சுற்றவிட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தரையில் தேயும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். கைவேலைக்காரர்கள் ஆட்டோவின் பின்பகுதியைத் தேடுவதற்குக் காரணம் இதுதான். அதில் டிஃபரன்ஷியலும் இருக்கிறது, ரிவர்ஸும் இருக்கிறது.

இதெல்லாம் ஓடுவதற்கான பாடு. எனக்குப் பயம் நிற்பதில்தான்.

வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்த பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இரண்டு பேருக்காகச் செய்த ஸ்கூட்டரின் டிரம் பிரேக்கை, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஏறும் வண்டியில் மாட்டினால் என்ன ஆகும்? ஒரு காரின் மாஸ்டர் சிலிண்டரை இன்னொரு காரின் சக்கர பிரேக்குடன் இணைத்தால், தள்ளப்படும் எண்ணெய் போதாமல் பெடல் தரைவரை போகலாம். அல்லது எவ்வளவு மிதித்தாலும் கல்லைப்போல் அசையாமல் இருக்கலாம். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்பே இறுகிவிட்டால், வண்டி வால் வீசிச் சுழலும். ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் வேறு வேறு வண்டியிலிருந்து வந்தவை என்றால், பள்ளத்தில் இறங்கும்போது நாம் திருப்பாமலேயே சக்கரம் திரும்பும். தெருமுனை வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. எதிரே லாரி வரும்போதுதான் தெரியும்.

இப்படிச் செய்த வண்டியைப் பார்த்ததும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் எதோடது?" என்பதுதான். வீட்டிலேயே கார் கட்டும் பழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கும் பிரிட்டனில் கணக்கே வேறு. மாற்றிக் கட்டிய வண்டி பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க அங்கே ஒரு மதிப்பெண் முறை இருந்தது. பழைய காரிலிருந்து அப்படியே வந்த சேஸிக்கு 5 மதிப்பெண். சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு? வெறும் 1. மொத்தம் 8 வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்த ஒற்றை வண்டியை மட்டும் தனியாகச் சோதித்து, ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் எண் கொடுத்தார்கள். வீட்டுக் கொட்டகையில் செய்ததாக இருந்தாலும், சோதனையில் தேறினால் சாலைக்கு வரலாம்.

நம் நாட்டில் கதை அப்படியில்லை. புது மாடல் என்றால் ஓரகடம், புனே போன்ற இடங்களில் இருக்கும் மையங்களில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். கம்பெனிகளுக்கு அது சரி. ஒரே ஒரு வண்டி செய்யும் பட்டறைக்காரருக்கு நடைமுறையில் எட்டாத காரியம். மாற்றிக் கட்டுவதும் சுலபமல்ல. ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ப மாற்றுவது, அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட் பொருத்துவது போன்றவற்றுக்கு வழி உண்டு. அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும்.

சட்டம் கறாராக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. நம் சாலைகளுக்கு அது வேண்டும். பிரிட்டன்போல ‘கொண்டுவா, சோதித்துப் பார்க்கிறோம்’ என்று சொல்லும் ஒரு கதவு இல்லையே என்பதுதான் வருத்தம். எல்லாப் பட்டறைக்காரருக்கும் பொலீரோ கிடைக்காதே!

கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் அப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது, அதுவும் நம் கோவையில். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ‘ஃபார்முலா பாரத்’ போட்டி நடந்து வருகிறது. குழாய்களை வளைத்து, வெல்டு வைத்து, மாணவர்களே செய்த ரேஸ் கார்கள் அங்கே வரும். பல அணிகளின் காரில் இருப்பது கேடிஎம் 390 பைக்கின் எஞ்சின்தான். ஆனால், கொண்டுவந்தவுடன் டிராக்கில் விட்டுவிட மாட்டார்கள். காரை 60 டிகிரி சாய்த்துப் பிடிப்பார்கள், ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியக் கூடாது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் ஐந்து நொடிக்குள் வெளியே வந்தாக வேண்டும். அதன்பின் பிரேக் சோதனை. வேகமெடுத்து வந்து ஒரே மிதி. நான்கு சக்கரமும் இறுகி நிற்க வேண்டும். ஒன்று உருண்டாலும் பிட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். காற்று வெளியேற்றி, பெடலைச் சரிசெய்து, மறுபடி வரிசையில் வந்து நிற்பார்கள்.