பன்னிரண்டுக்குச் சில்லறை

2023ஆம் ஆண்டின் டிம்ஸ் அனைத்துலகக் கணிதத் தேர்வில் மலேசியாவின் இரண்டாம் படிவ மாணவர்கள் எடுத்த சராசரிப் புள்ளி 411. இதே தேர்வில் 1999இல் நாடு எடுத்தது 519. இந்தச் சரிவைப் பார்த்துப் பதறும் பெற்றோரிடம் விற்க ஆளுக்கொரு சரக்கு வைத்திருக்கிறார்கள்: மூளையைக் கூர்தீட்டும் செயலி, அபாகஸ் வகுப்பு, எண் புதிர்ப் புத்தகம். தஞ்சோங் ரம்புத்தான், சிம்மோர், சுங்கை சிப்புட் என்று பழைய ரப்பர்த் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு, டியூஷனுக்கு மேல் இன்னொரு செலவு என்பது சின்ன விஷயமில்லை. எண் புதிர் போட்டால் பிள்ளைக்குக் கணக்கு வருமா என்று அவர்கள் கேட்டால் நேரான பதில் சொல்லியாக வேண்டும். சில புதிர்களால் வரும். சிலவற்றால் வரவே வராது. எது எந்த ரகம் என்று காசு கொடுக்கும் முன்பே சோதித்துப் பார்த்துவிடலாம்.

புதிரில் இருக்கும் எண்களை எடுத்துவிட்டு எழுத்துகளைப் போடுங்கள். சுடோக்குவில் 1 முதல் 9 வரை உள்ள இடங்களில் க, ச, ட, த, ப, ம, ய, ர, ல என்று எழுதினாலும் புதிர் கொஞ்சமும் மாறாது. அதில் 7 என்பது 3ஐவிட எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை. பொறுமையும் தர்க்கமும் பழகும், அது நல்லதுதான். ஆனால் கூட்டல் கழித்தலுக்கு அங்கே வேலையே இல்லை. கணித விழாவில் சுடோக்குப் போட்டி வைத்துவிட்டு எண்ணறிவை வளர்த்துவிட்டோம் என்று நினைத்தால் அது பெரிய ஏமாற்றம். கென்கென் என்ற எண் புதிர் அப்படியல்ல, எழுத்தைப் போட்ட மறுநொடியே அது செத்துப்போகும். ஜப்பானிய ஆசிரியர் தெட்சுயா மியாமோதோ 2004இல் தம் வகுப்புக்காக உருவாக்கியது இது. வரலாறு இவ்வளவு போதும். உள்ளே நடப்பதுதான் அழகு.

ஆறுக்கு ஆறு கட்டம். ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் 1 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறைதான் வரவேண்டும். தடித்த கோட்டுக்குள் அடைபட்ட பெட்டிகளுக்கு ஒரு விடையும் ஒரு குறியும் தரப்பட்டிருக்கும். ஒரே வரிசையில் அடுத்தடுத்து மூன்று பெட்டிகள், மூலையில் '12 ×' என்று வைத்துக்கொள்வோம். வாய்பாடு பிள்ளையிடம் 3 × 4 எவ்வளவு என்று கேட்கும். 12 என்றதும் கதை முடிந்துவிடும். இங்கே கேள்வி தலைகீழாக வருகிறது: எந்த மூன்றைப் பெருக்கினால் 12? பிள்ளை 1, 2, 6 என்கிறது. 1, 3, 4 என்கிறது. 2, 2, 3 என்று எழுதப் போய், ஒரே வரிசையில் இரண்டு 2 வரக்கூடாதே என்று அழிக்கிறது. அந்த வரிசையில் வேறோர் இடத்தில் ஏற்கெனவே 3 இருப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது. 1, 3, 4 போயிற்று. மிஞ்சுவது 1, 2, 6. ஒரு சின்ன அடைப்பை நிரப்ப மூன்று பெருக்கல்களை நினைவிலிருந்து எடுத்து, இரண்டைக் காரணத்தோடு தள்ளியாகிவிட்டது. பயிற்சி நூலில் இதே மூன்று கணக்கை வரிசையாகக் கொடுத்தால் முகம் சுளிக்கும் பிள்ளை, இங்கே தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்கிறது.

இரவுச் சந்தையில் சில்லறை மாற்றுவது போன்றது இது. வாய்பாடு மட்டும் தெரிந்த பிள்ளையின் கையில் 12 என்பது முழு நோட்டு; பார்த்ததும் அடையாளம் தெரியும், மாற்றத்தான் தெரியாது. புதிர் அந்த நோட்டை உடைக்கச் சொல்கிறது. அதிலும் கண்டிப்பான கடைக்காரர்: இந்த வரிசையில் ஒரே காசை இரண்டு முறை நீட்டினால் வாங்கமாட்டார், பக்கத்துக் கடையில் ஏற்கெனவே கொடுத்த காசையும் ஏற்கமாட்டார், கடைசி சென் வரை கணக்கு நேராகும்வரை கடையை மூடவும் மாட்டார். இப்படிப் பல முறை உடைத்துப் பழகிய எண்தான் பின்னம், பொதுக்காரணி, இயற்கணிதத்தில் காரணிப்படுத்தல் என்று வரும்போது கைகொடுக்கிறது.

ஆதாரம் உண்டா என்று கேட்பது நியாயம். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் பாலர் வயதுப் பிள்ளைகள் 1 முதல் 10 வரை எண் எழுதிய பலகையில் இரண்டு வாரத்தில் நான்கு முறை விளையாடி எண்ணறிவில் முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதிலாக வண்ணம் பூசிய அதே பலகையில் விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. மேலே சொன்ன எழுத்துச் சோதனையும் இதையேதான் பார்க்கிறது. இன்னொன்று குஜராத்தின் வடோதராவில் 204 பிள்ளைகளிடம் மூன்று ஆண்டுகள் நடந்த அபாகஸ் ஆய்வு. அபாகஸ் மனக்கணக்குப் பயின்றவர்களுக்குக் கணக்கு மேம்பட்டது. நினைவாற்றல் போன்ற பொதுத் திறன்கள் மேம்படவில்லை. பழகியதுதான் வளர்கிறது. ஆகவே புதிர் 'மூளையை வளர்க்கும்' என்று அட்டையில் அச்சடித்த புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். எண்களை உடைக்கும் பழக்கத்தைத் தரும் என்பதே போதுமான காரணம்.

கணக்கில் பின்தங்கிய பிள்ளை புதிரைக் கண்டு மிரளாதா என்றால், மிரளும். இரண்டாம், மூன்றாம் வாய்பாடு வராத பிள்ளைக்குக் கென்கென் தண்டனைதான். புதிர் கற்றுத்தராது, கற்றதைப் புழங்கவைக்கும். அந்தப் பிள்ளைக்கு மூன்றுக்கு மூன்று கட்டமும் கூட்டலும் போதும். எதையாவது எழுதி எழுதி அழிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் 'ஏன் இந்த எண்?' என்று ஆசிரியர் கேட்காவிட்டால் புதிர் வெறும் பொழுதுபோக்காகிவிடும். அந்தக் காரணத்தைப் பிள்ளை தமிழில் சொல்லவேண்டும். கணிதத்தை எந்த மொழியில் நடத்துவது என்று நம் தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், 'இது இருந்தால் அது வராது' என்ற வாக்கியம் வீட்டு மொழியில்தான் முதலில் உருவாகிறது.

இதற்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கவேண்டும் என்றுகூட இல்லை. பல வீடுகளின் சாமி மேடையில் குபேரக் கோலம் இருக்கிறது: மேல் வரிசையில் 27, 20, 25, நடுவில் 22, 24, 26, கீழே 23, 28, 21. குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை என்று எப்படிக் கூட்டினாலும் 72. ஒரு தாளில் அதை வரைந்து, 27ஐயும் 20ஐயும் மட்டும் விட்டு மற்றதை அழித்துவிடுங்கள். 20 முதல் 28 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை, கூட்டுத்தொகை எங்கும் 72 என்று மட்டும் சொல்லுங்கள். மேல் மூலை 25 உடனே விழும், நடுப்பெட்டிதான் சிக்கல். அதன் வழியாக நான்கு கோடுகள் போகின்றன, நான்கு 72 சேர்ந்தால் 288. அந்தக் கூட்டலில் ஒன்பது எண்களும் ஒருமுறை வந்துவிடுகின்றன, அவற்றின் தொகை 216. நடு எண் மட்டும் கூடுதலாக மூன்று முறை வந்திருக்கிறது. 288இல் 216 போனால் 72, அதில் மூன்றில் ஒன்று 24. மீதி ஐந்து பெட்டிகளும் கழித்தலிலேயே ஒவ்வொன்றாக நிறையும்.