ரத்தம் இளக்கும் மருந்தும் நுரையீரல் புற்றுநோயும்: சோதனைகள் சொல்வது என்ன?

பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28-ஆம் நாள் திறக்கப்பட்டது. 1962 முதல் அது அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்குகிறது. செம்பூர்த் தமிழர் பலருக்கு டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கொடுத்த அதே துறைதான் பரேலில் புற்றுநோய்க்கு வைத்தியமும் பார்க்கிறது. மாட்டுங்காவிலிருந்து பரேல் இரண்டே ஸ்டேஷன். ஆகவே ஊரில் யாருக்காவது கட்டி, கேன்சர் என்றால் நம் வீடுகளுக்குத்தான் முதலில் போன் வரும். "டாடாவுல காட்டணும், நீங்க கொஞ்சம் கூட வர முடியுமா?" என்பார்கள்.

அப்படிக் கூடப் போகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் விஷயம் ஒன்று உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு வயிற்றுத் தோலில் தினம் ஓர் ஊசி, அல்லது ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். ரத்தம் கட்டியாகாமல் இளக்கி வைக்கிற மருந்து அது. உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "இது கேன்சரையே கரைச்சிடுமாம்" என்பார் ஒருவர். "ஐயோ, ரத்தம் நிக்காமப் போயிடும், போட்டுக்காதீங்க" என்பார் இன்னொருவர். இரண்டுமே முழு உண்மை அல்ல. ஆனால் இரண்டும் வானத்திலிருந்து விழுந்தவையும் அல்ல. இரண்டுக்கும் பின்னால் ஏறக்குறைய 160 ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

புற்றும் உறைவும்

1865-ல் பாரிஸ் நகரத்து மருத்துவர் அர்மான் த்ரூசோ ஒன்றைக் கவனித்துச் சொன்னார். காரணம் தெரியாமல் ஒருவருக்குக் கை கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து வீங்கினால், உள்ளே எங்கோ புற்று மறைந்திருக்கக்கூடும் என்றார். 1867-ல் அதே அடையாளம் அவர் உடம்பிலேயே தோன்றியது. அதே ஆண்டில் வயிற்றுப் புற்றுநோயால் அவர் காலமானார்.

காரணம் இப்போது ஓரளவு விளங்கிவிட்டது. புற்று அணுக்கள் திசுக் காரணி என்ற பொருளை வெளிவிடுகின்றன. காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறையச் செய்வதும் அதே பொருள்தான். காயமே இல்லாத இடத்தில் உடம்பு காயம் பட்டதாக நினைத்துக்கொள்கிறது. இதன் மேல் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தும், படுத்தே கிடப்பதும், மருந்து ஏற்றப் பெரிய ரத்தக் குழாயில் பொருத்தும் குழாயும் சேர்ந்தால் உறையும் ஆபத்து இன்னும் கூடுகிறது. காலில் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு விஷயமும் ஆராய்ச்சியாளர்களை ஈர்த்தது. ரத்தத்தில் மிதந்து போகும் புற்று அணுவைச் சுற்றி ரத்தத் தட்டணுக்களும் உறைவு நார்களும் போர்வை போல் ஒட்டிக்கொள்கின்றன. உடம்பின் காவல் அணுக்களுக்கு அது தெரியாமல் போகிறது. அப்படியானால் உறைவைத் தடுத்தால் புற்று பரவுவதையும் தடுக்கலாமே! ஆய்வுக்கூடத்து எலிகளில் இது நடக்கவும் செய்தது. "கேன்சரையே கரைச்சிடும்" என்ற பேச்சின் வேர் இங்கேதான்.

மருந்துகள் வந்த வழி

ஹெபாரின் 1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆய்வில் தொடங்கியது. நாயின் ஈரலிலிருந்து கிடைத்ததால் ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். பின்னர் மாட்டு நுரையீரலிலிருந்தும் எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் பன்றிக் குடலின் உள் சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. டால்டிபாரின், எனாக்ஸபாரின் முதலிய ஊசிகள் ஹெபாரினைச் சிறு துண்டுகளாக்கிச் செய்தவை.

வார்ஃபாரினின் கதை வேறு. 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்காவிலும் பூஞ்சணம் பிடித்த தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் ஒழுகிச் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து உருவான வார்ஃபாரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. தானிய கோடவுன் வைத்திருந்த எங்களுக்கு எலியைக் கொல்ல வந்த சரக்கு, அளவு தெரிந்து கொடுத்தால் மனிதனுக்கு மருந்து! மருந்துச் சரக்குகளின் பெயரையே திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று அறநூல்களுக்கு வைத்த மொழி நம்முடையது. அளவே மருந்து என்பது நமக்குப் புதிதல்ல.

சோதனை என்பது தராசு

ஒரு மருந்து பலன் தருகிறதா என்று எப்படி அறிவது? கடைக்காரன் முறையில் சொல்கிறேன். சரக்கு வைப்பதற்கு முன் வெறும் தட்டு இரண்டும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்போம். மருத்துவச் சோதனையிலும் அப்படித்தான். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். இரு பிரிவுக்கும் கீமோ உண்டு. ஒன்றுக்கு மட்டும் கூடுதலாக அந்த மருந்து. டாக்டர் விருப்பப்படி பிரித்தால் தெம்பானவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். தட்டு முதலிலேயே சாய்ந்துவிடும்.

இரண்டாவது, எண்ணிக்கை. லாரிச் சரக்கு வாங்குகிறவன் ஒரே மூட்டையில் குத்தூசி போட்டு விலை பேச மாட்டான். பத்துப் பேரில் இரண்டு பேர் கூடுதலாகப் பிழைத்தால் அது தற்செயலாக இருக்கலாம். ஆயிரம் பேரில் அதே வித்தியாசம் நின்றால் நம்பலாம்.

சின்னச் சோதனை, பெரிய நம்பிக்கை

1981-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் சோதனை ஒன்று வெளியானது. சிறு அணு நுரையீரல் புற்று உள்ள 50 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நடுக்கணக்கில் சுமார் 24 வாரம் வாழ்ந்தார்கள்; வார்ஃபாரினும் சேர்ந்தவர்கள் சுமார் 50 வாரம். இரண்டு மடங்கு! ஆனால் 1984-ல் அதே ஆய்வின் இறுதி அறிக்கை, மற்ற வகைப் புற்றுகளில் அப்படிப் பலன் இல்லை என்றது. 1989-ல் வேறொரு பெரிய குழு 300-க்கு மேற்பட்ட சிறு அணுப் புற்று நோயாளிகளிடம் பார்த்தபோது, ஆயுள் உறுதியாகக் கூடியதாகக் காட்ட முடியவில்லை.

பிறகு ஹெபாரின் ஊசியின் முறை. 2004-ல் துருக்கியில் 84 பேரிடம் சோதித்ததில் கீமோ மட்டும் பெற்றவர்கள் 8 மாதமும், டால்டிபாரினும் பெற்றவர்கள் 13 மாதமும் வாழ்ந்ததாக முடிவு வந்தது. மீண்டும் உலகமெங்கும் நம்பிக்கை.

பெரிய தராசில் வைத்தபோது

இந்த நம்பிக்கையைச் சரிபார்க்கப் பிரிட்டனில் ஃப்ராக்மாட்டிக் என்ற சோதனை நடந்தது. புதிதாக நுரையீரல் புற்று கண்டுபிடிக்கப்பட்ட 2,202 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவுக்கு அதோடு 24 வாரம் தினமும் டால்டிபாரின். 2016-ல் முடிவு வெளியானது. ஆயுளில் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. ரத்த உறைவு மட்டும் 9.7 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்தது. பதிலுக்கு, கவனிக்க வேண்டிய அளவு ரத்தக்கசிவு ஊசி போட்ட பிரிவில் கூடுதல்.

2018-ல் மேலும் இரண்டு சோதனைகள் வந்தன. சிறு அணுப் புற்று உள்ள 390 பேரிடம் எனாக்ஸபாரின். அறுவைச் சிகிச்சை முடிந்த 549 பேரிடம் டின்சபாரின். இரண்டிலும் ஆயுள் கூடவில்லை. கணக்கு முடிந்தது: ரத்தம் இளக்கும் மருந்து நுரையீரல் புற்றுக்கு வைத்தியம் அல்ல. எலியில் நடந்தது மனிதனில் ஏன் நடக்கவில்லை? கண்டுபிடிக்கும்போதே பலருக்கு நோய் பரவி முடிந்திருக்கிறது என்பது ஒரு விளக்கம்.

கீமோவோடு எதைச் சேர்த்தாலும் வீண் என்று இதற்குப் பொருளில்லை. நம் டாடா மருத்துவமனையிலேயே இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள 350 நுரையீரல் புற்று நோயாளிகளிடம் ஜெஃபிட்டினிப் மாத்திரையோடு கீமோவைச் சேர்த்துச் சோதித்தார்கள். நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக உயர்ந்தது. கடுமையான பக்க விளைவுகளும் ஏறக்குறைய இரு மடங்கானது உண்மை. எது கூடும், எது கூடாது என்பதை ஊகம் சொல்லாது, சோதனைதான் சொல்லும்.

பிறகு ஏன் அந்த ஊசி?

புற்றுக்கு அல்ல, உறைவுக்கு. ஏற்கெனவே ரத்தம் உறைந்துவிட்டவருக்கு இது மிக அவசியம். 2003-ல் வெளியான ஒரு சோதனையில், புற்றுநோயோடு உறைவும் வந்த 676 பேரில், ஆறு மாதத்துக்குள் மீண்டும் உறைந்தது வார்ஃபாரின் பிரிவில் 17 சதவீதம். டால்டிபாரின் பிரிவில் 9 சதவீதம். 2020-ல் வந்த சோதனையில் அபிக்ஸபான் மாத்திரை டால்டிபாரின் ஊசிக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. உறைவே வராதவர்களில், யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கிட்டு அவர்களுக்கு மட்டும் முன்காப்பாகக் கொடுக்கிறார்கள். அதனால்தான் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்தது நம்மவருக்கு இல்லாமல் போகலாம். அதில் பாரபட்சம் ஒன்றும் இல்லை.

பன்றிக் குடல் பற்றிய கேள்வி

எங்கள் சமணக் குடும்பம் ஒன்றில் ஒரு பெரியவர் இந்த ஊசியை நிறுத்திவிட்டார். "இதுல பன்றி இருக்குதாமே? அறுபது வருஷம் காத்த விரதத்தைக் கடைசியில விடவா?" என்றார். தாராவியில் உள்ள நம் முஸ்லிம் சகோதரர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். இதைச் சிரித்துத் தள்ளக் கூடாது.

அவரிடம் நான் சொன்னது இதுதான். நம் நூல்கள் ஹிம்சையை நான்காகப் பிரிக்கின்றன. கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. சமையல் முதலிய வீட்டுக் காரியத்தில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. இல்லறத்தான் முழுமையாக விலக்க வேண்டியது முதலாவது. உயிர் காக்க டாக்டர் தரும் ஊசியை அந்த முதல் வகையில் நான் சேர்க்க மாட்டேன். முனிவர்களும் பண்டிதர்களும் வேறாகச் சொல்லக்கூடும்; இது என் கருத்து. ஆனால் அதைவிட முக்கியம் வேறொன்று. "ஐயா, மாற்று இருக்குங்க. அபிக்ஸபான் வேதியியல் முறையில செய்யற மாத்திரை. ஃபாண்டபாரினக்ஸ் ஊசியும் அப்படித்தான். டாக்டர்கிட்ட வெளிப்படையாச் சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க" என்றேன். அவர் சொன்னார், டாக்டர் கோபிக்கவில்லை, சிறுநீரகச் சோதனையைப் பார்த்துவிட்டு மாத்திரைக்கு மாற்றினார். எல்லோருக்கும் மாற்ற முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். குடல், வயிற்றில் புற்று உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகளால் ரத்தக்கசிவு கூடும். ஆனால் கேட்டால்தானே தெரியும்?

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு உடனிருந்து பார்த்துக்கொள்பவரையும் மருத்துவத்தின் ஓர் அங்கமாக எண்ணுகிறது. அந்த நான்காமவர் நாம்தான்.

1. ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி: இவை உறைவின் அடையாளம். மறு நாள் ஓ.பி.டி.க்குக் காத்திருக்காதீர்கள்.

2. இருமலில் ரத்தம், கறுப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம்: இவை கசிவின் அடையாளம். உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

3. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவரா? அது வார்ஃபாரின், அபிக்ஸபான் இரண்டின் வேகத்தையும் குறைத்துவிடும். தாராவி போன்ற இடங்களில் காசநோயும் நுரையீரல் புற்றும் ஒன்றைப் போல் இன்னொன்று தோன்றுவதால், எல்லா மருந்துச் சீட்டையும் ஒரே பையில் கொண்டு போங்கள்.

4. வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்கள் கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு வாரம் இல்லை என்று சாப்பிடக் கூடாது. அளவு ஒரே சீராக இருக்கட்டும். கீமோவில் பசி குறைந்தாலும் ஐ.என்.ஆர். கணக்கு மாறும்.

5. தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் ஆஸ்பிரினும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

சோதனையில் சேரச் சொன்னால்

"எங்கப்பாவை எலியாக்கிட்டாங்க" என்று நம்மவர் சிலர் கோபப்படுவது உண்டு. இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை 2007-ல் தொடங்கிய தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். 2019 விதிகளின்படி சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். மராத்தியும் ஹிந்தியும் தெரியாத ஊர்ப் பெரியவருக்குத் தமிழில் கேட்க உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான வைத்தியம் நிற்காது.

மேலே சொன்ன 2,202 பேரில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஊசியால் அவர்கள் ஆயுள் கூடவில்லை. ஆனால் நம் வீட்டு நோயாளிக்கு வேண்டாத ஊசி வேண்டாம், வேண்டிய ஊசியை விடவும் வேண்டாம் என்று டாக்டர் இன்று தெளிவாகச் சொல்ல முடிகிறதென்றால், அவர்கள் கொடுத்த கொடை அது. நம் மரபில் மருந்துத் தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று. சோதனையில் சேர்ந்தவர்களையும் அந்தத் தானம் செய்தவர்களாகவே நான் மதிக்கிறேன்.