கடலில் ஓர் ஊர்கோலம்!

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்தது. மாலையும் கழுத்துமாகத் தாத்தாவும் பாட்டியும் அபிராமி அம்மனைக் கும்பிட்டார்கள். பந்தி முடிந்தது. அடுத்து என்ன? பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி கடற்கரைக்குப் போகவேண்டியதுதான். ஏழெட்டு கிலோமீட்டர் தூரம்தானே!

டேனிஷ்காரர்கள் 1620-ம் ஆண்டில் வந்து கட்டிய கோட்டை கரையில் நிற்கிறது. பிள்ளைகள் அலையில் கால் நனைக்கிறார்கள். தூரத்தில் ஒரு படகு போகிறது.

"தாத்தா, நாமும் அதில் ஏறிச் சும்மா ஒரு சுற்று போய் வரலாமா?" என்று கேட்கிறான் பேரன்.

"அது மீன் பிடிக்கிற படகு, கண்ணு. கடலில் சும்மா யாராவது போவார்களா?" என்கிறார் தாத்தா.

போகிறார்கள்! மீன் பிடிக்க அல்ல, சரக்கு ஏற்ற அல்ல. காற்று வாங்கவும், கூடிப் பேசவும், கட்டுச்சோறு தின்னவும் பாய் விரித்துப் போகிறார்கள். அதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'யாட் கிளப்'.

வேட்டைப் படகு

'யாட்' என்பது டச்சு மொழியிலிருந்து வந்த சொல். 'வேட்டை' என்று பொருள். விரைந்து ஓடும் சிறு கப்பல்களை அப்படி அழைத்தார்கள். பிறகு அந்தப் படகில் ராஜாக்கள் உலாப் போகத் தொடங்கினார்கள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு 1660-ம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் அப்படி ஒரு படகைப் பரிசாகக் கொடுத்தார்கள். மறு ஆண்டே மன்னரும் அவருடைய தம்பியும் தேம்ஸ் நதியில் படகுப் பந்தயம் விட்டார்கள்!

"முந்தாதே!"

ஆனால் சங்கம் பிறந்தது பந்தயத்துக்காக அல்ல. அயர்லாந்து நாட்டில் கார்க் என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே 1720-ம் ஆண்டில் ஒரு படகுச் சங்கம் தோன்றியது. உலகின் மிகப் பழைய படகுச் சங்கம் இதுதான் என்கிறார்கள். உறுப்பினர்கள் 25 பேர். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும் நாட்களில் அவர்கள் கூடுவார்கள். நம் ஊர்த் திருவிழா மாதிரி, நாள் பார்த்துத்தான் புறப்பாடு!

ஒருவர் தலைவர். அவர் படகு முன்னே போகும். மற்றப் படகுகள் கொடி கட்டிக்கொண்டு பின்னே வரும். அவர்கள் எழுதி வைத்த விதிகளில் இரண்டு கவனிக்கத் தக்கவை.

ஒன்று: தலைவர் படகை யாரும் முந்தக்கூடாது, உத்தரவு இல்லாமல் கூட்டத்தை விட்டு விலகவும் கூடாது. கூடவே வருவதற்காக எவ்வளவு பாய் வேண்டுமானாலும் விரிக்கலாம்.

இரண்டு: விருந்து வைக்கிறவர் இரண்டு வகைக் கறிக்கு மேல் கொண்டுவரக்கூடாது!

ஏன் இந்தக் கட்டுப்பாடு? நமக்குத் தெரியாதா! ஒருவர் இரண்டு வகை வைத்தால் அடுத்தவர் நான்கு வைப்பார். அதற்கடுத்தவர் எட்டு வைப்பார். கடைசியில் கடன் வாங்கி விருந்து வைக்க வேண்டி வரும். சங்கம் உடையும். வேகத்திலும் போட்டி வேண்டாம், சாப்பாட்டிலும் போட்டி வேண்டாம் என்று முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

சென்னையில் ஒரு சங்கம்

நம் மாநிலத்திலும் இப்படி ஒரு சங்கம் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்தான் அது. 1911-ம் ஆண்டு தொடங்கியது. தொடங்கியவர் துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்.

இந்தப் பெயர் தஞ்சைச் சீமைக்குப் புதிதல்ல. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1912-ம் ஆண்டு மார்ச் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் அல்லவா? அந்த அலுவலகத்தின் தலைவர் இதே ஸ்பிரிங்தான். ராமானுஜன் இங்கிலாந்து போவதற்குத் துணை நின்றவர்களில் அவரும் ஒருவர்.

காற்றுக்கு ஒரு பஞ்சாங்கம்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது களத்துமேட்டுப் பழமொழி. பாய்ப் படகுக்காரருக்கும் அதுதான் வேதம். நம் கரையில் வருடம் முழுவதும் ஒரே மாதிரிக் காற்று அடிப்பதில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று மீனவர்கள் திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உலாவுக்கு நாள் குறிப்பவர் அவற்றை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

தை, மாசியில் மழை ஓய்ந்திருக்கும். கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். கூடிப் போக நல்ல காலம்.

சித்திரை, வைகாசியில் வெயில் ஏற ஏறத் தரை சுடும். பகல் சாய்வதற்குள் கடல் காற்று கிளம்பும். பாய்க்கு நல்ல தீனி. ஆனால் புயல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆடியில் அம்மியும் பறக்கும்! தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் மேல்காற்று இது. போவது சுலபம், திரும்புவதுதான் கடினம். எதிர்க்காற்றில் பாய்ப் படகு நேராக வராது. வண்டிமாடு மேட்டில் வளைந்து வளைந்து ஏறுவதுபோல, இடமும் வலமும் மாறி மாறித் திரும்பித்தான் கரை சேர வேண்டும். புதியவர்களுக்கு இது ஆகாது.

ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்கள். அப்போது துணிச்சலுக்கு வேலை இல்லை. படகைக் கட்டிப் போட்டுவிட்டுக் கிழிந்த பாயைத் தைக்க வேண்டியதுதான்.

நம் சொல், உலகச் சொல்

இரண்டு உடல் சேர்ந்த உல்லாசப் படகுகளில் இன்று உலகமெங்கும் பணக்காரர்கள் பவனி வருகிறார்கள். அந்தப் படகுக்குப் பெயர் 'கட்டமரான்'. அது வேறொன்றும் இல்லை. நம் மீனவரின் கட்டுமரம்தான்! சொல் கப்பல் ஏறிப் போய்விட்டது.

நம் பெண்ணும் போனாள்! சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப் படகு ஓட்டினார். 2021-ம் ஆண்டு நடந்தது அது. ஒலிம்பிக் பாய்ப் படகுப் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் அவரே.

ஆள் ஏறுமுன் எண்ணுங்கள்!

படகு வாங்க நமக்கு வசதி இல்லை. ஆசை மட்டும் இருக்கிறது என்கிறீர்களா? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் இருக்கிறது. சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் குடும்பத்தோடு போய் வரலாம். குடை பிடித்த மாதிரி மரங்கள், கண்ணாடி போலத் தண்ணீர்!

ஆனால் ஒன்று. தேக்கடியில் 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மலப்புரம் மாவட்டம் தானூரில் 2023-ம் ஆண்டு மே 7-ந் தேதி 22 பேர் இறந்தார்கள். தானூர்ப் படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். குழந்தைகளும் மாண்டார்கள். எல்லாரும் உல்லாசமாகப் புறப்பட்டவர்கள்தான்.

ஆகவே மிதவைச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள். "இன்னும் இரண்டு பேர்தானே" என்று படகுக்காரர் சொன்னால் இறங்கிவிடுங்கள். வேடிக்கை பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். கட்டிய காசு போனால் போகட்டும்!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி தரங்கம்பாடியில் எத்தனையோ வீடுகளை வாரிக்கொண்டு போனது. அதைப் பார்த்த தாத்தா, பேரனைக் கடலுக்கு விடத் தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் பயந்து பயந்து கரையிலேயே நின்றால் பிள்ளைக்கு நீச்சலும் வராது, காற்றின் திசையும் தெரியாது.

முதலில் குளத்தில் நீந்தக் கற்றுக்கொடுங்கள். பிறகு பிச்சாவரம் கூட்டிப் போங்கள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு தாத்தாவும் ஏறட்டும். முந்த வேண்டாம், கூடப் போனால் போதும். அறுபது வயதில் இன்னொரு தடவை மாலை போட்டுக்கொண்டவருக்கு, படகில் ஓர் ஊர்கோலமும் வேண்டாமா?