பாட்டி முகத்துக்கு இஸ்திரி!

"யாருடா இது? என் புடவையைக் கட்டிண்டு உட்கார்ந்திருக்காளே!"

பாட்டி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு இப்படிக் கேட்டதும் வீடே சிரித்தது. பேரன் மட்டும் சிரிக்கவில்லை. பாவம், தாத்தாவின் சதாபிஷேகத்தன்று எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, இரவெல்லாம் கண் விழித்து, பாட்டியின் சுருக்கங்களை ஒன்று விடாமல் துடைத்திருந்தான். சுருக்கங்களோடு பாட்டியும் போய்விட்டாள்!

இந்தக் கைங்கரியம் புதிதல்ல. அந்த நாள் ஸ்டூடியோக்களிலும் நடந்ததுதான். முகத்திலுள்ள கரும்புள்ளி நெகடிவில் வெளிறித் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அந்த இடத்தை மெல்ல நிரப்பிவிட்டால், அச்சிடும்போது புள்ளி மறைந்துவிடும். 1990-ல் போட்டோஷாப் வந்தது. 2002-ல் அதன் ஏழாவது பதிப்பில் 'ஹீலிங் பிரஷ்' என்ற கருவியும் சேர்ந்தது. வித்தை நம் வீட்டு மேஜைக்கே வந்துவிட்டது. விவேகமும் கூட வந்ததா என்பதுதான் கேள்வி!

நீங்களும் செய்து பார்க்கலாம், வாருங்கள். அசலைத் தொடாமல் அதன் மேல் ஒரு நகலை லேயராக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 'இந்தக் குறை இரண்டு வாரத்தில் தானே போய்விடுமா?' பரு, கொசுக்கடி என்றால் தாராளமாக நீக்கலாம். மச்சமும் தழும்பும் சிரிப்புக் கோடும் ஆளின் அடையாளங்கள் அல்லவா? அவை இருக்கட்டும்.

ஹீலிங் பிரஷ், பக்கத்திலுள்ள நல்ல தோலின் இழையை எடுத்து, பரு உள்ள இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் இசைத்துவிடும். பிரஷ் பருவைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். கன்னத்துக்குக் கன்னத்திலிருந்தும் நெற்றிக்கு நெற்றியிலிருந்தும் எடுங்கள்.

பலர் செய்யும் தவறு, முகம் முழுவதையும் 'பிளர்' செய்து மழுக்குவது. தோலென்றால் நுண்துளையும் பூனைமயிரும் இல்லாமலா இருக்கும்? அவை போனால் மிஞ்சுவது மெழுகு பொம்மைதான். தேர்ந்தவர்கள் தோலின் இழையை ஒரு லேயரிலும், நிறத்தையும் நிழலையும் இன்னொன்றிலுமாகப் பிரித்துக்கொண்டு, பின்னதில் உள்ள திட்டுக்களை மட்டும் சமன் செய்கிறார்கள்.

கண்ணடிக் கருவளையத்தைத் தனி லேயரில் திருத்தி, அதன் அடர்த்தியைப் பாதிக்குக் குறைத்துவிடுங்கள். கருமை தணியும், முகம் மாறாது. படத்தைப் பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிராமல், அடிக்கடி முழுதாகவும் பாருங்கள்.

நிறத்தை மட்டும் வெளுக்காதீர்கள், சகோதரிகளே! மாநிறத்துக்கு என்ன குறைச்சல்? வரனுக்கு அனுப்பும் படத்தில் வெளுத்துவிட்டால், நேரில் பார்க்கும் நாளில் நோவது நம் பெண்ணின் மனசுதான். விளம்பரப் படத்தில் தோலையோ உடலமைப்பையோ திருத்தினால் அதைப் படத்திலேயே தெரிவிக்க வேண்டுமென்று நார்வேயில் 2022 ஜூலை முதல் சட்டமே அமலுக்கு வந்திருக்கிறது!

பேரன் மறுநாள் மறுபடி உட்கார்ந்தான். வியர்வைப் பளபளப்பையும் மூக்கோரத்துக் கொசுக்கடியையும் மட்டும் எடுத்தான். பாட்டி வெகு நேரம் பார்த்தாள்.

"இதை மாட்டுடா. நாளைக்கு நான் இல்லாட்டாலும் குழந்தைகளுக்கு நான் யாருன்னு தெரிய வேண்டாமோ?" என்றாள்.